மூச்சுக்குழலில் ஒரு குழாய்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

நம் தொண்டையின் அடியில் இரண்டு வழிகள் பிரிகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழல். பின்னால் இருப்பது உணவுக்குழல். பாடப் புத்தகத்தில் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். செயற்கைச் சுவாசம் தருவதற்காக நோயாளியின் வாய்வழியே குழாய் செருகும் மருத்துவருக்கோ, அது எவ்வழியில் இறங்கியது என்பது உயிர்ப் பிரச்சினை.

2021 கொரோனா அலையின்போது, "குழாய் போட்டால் ஆள் திரும்பமாட்டான்" என்ற பேச்சு ரமணாசிரமம் பகுதியில் எங்கள் தெரு முழுதும் இருந்தது. அந்நிலைக்கு வந்தவர் ஏற்கெனவே கடும் நோயாளி என்பதை எவரும் நினைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மருத்துவமனையில் சம்மதப் படிவத்தை நீட்டினால் படித்துச் சொல்ல வேண்டியவனும் நானே. ஆகவே இதைத் தேடிப் படித்தேன்.

அச்சத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. 29 நாடுகளில் 2,964 கடும் நோயாளிகளைக் கவனித்த 'இன்டியூப்' ஆய்வு 2021இல் வெளிவந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ஷீலா நைனன் மயாத்ரா அதன் ஆசிரியர்களுள் ஒருவர். செருகத் தொடங்கிய அரை மணிக்குள் 100க்கு 45 பேருக்குப் பெரிய இடர் ஏதேனும் நேர்ந்தது. மூச்சுத் திணறலே முதலிடம் பெறும் என்றுதான் எவரும் நினைப்போம். அப்படியில்லை. 100க்கு 43 பேருக்கு இரத்த ஓட்டம் தடுமாறியது. பிராண வாயு மிகக் குறைந்தவர் 9 பேர். இதயம் நின்றது 3 பேருக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் சுமார் 2,500 மி.லி. காற்று தங்கும். அதில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பிராண வாயு இராது, 500 மி.லி. என்றே வைத்துக்கொள்வோம். உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. செலவழிக்கிறது. மூச்சு நின்றால் இரண்டு நிமிடத்துக்கும் காணாது! முன்னதாகவே 3 நிமிடம் தூய பிராண வாயு கொடுத்தால், நைட்ரஜன் வெளியேறி அந்த இடமும் நிரம்பும். நல்ல உடம்பு 8 நிமிடம் வரை தாங்கும். நோயுற்ற உடம்பு அவ்வளவு தாங்காது. 1,301 நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சாதாரண முகமூடியில் பிராண வாயு பெற்றவர்களுள் 18.5 விழுக்காட்டினருக்கு அது ஆபத்தான அளவு குறைந்தது. அழுத்தத்துடன் ஊட்டப்பட்டவர்களுள் 9.1 விழுக்காட்டினருக்கே.

குழாய் சரியான வழியில்தான் இருக்கிறதா? ஸ்டெதாஸ்கோப்பின் ஒலி ஏமாற்றலாம். கரியமில வாயு ஏமாற்றாது. ஒவ்வொரு மூச்சிலும் அது தொடர்ந்து வெளிவந்தால் குழாய் நுரையீரலோடு சேர்ந்திருக்கிறது; இரைப்பையிலிருந்து அப்படி வராது. அதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி காப்னோகிராப். அகில இந்தியக் கடினச் சுவாசவழிச் சங்கம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இச்சோதனையை வலியுறுத்துகின்றன. திரும்பத் திரும்பச் செருக முயலாமல் உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும் என்கின்றன.

குழாய் குரல் நாண்களுக்கு இடையே கிடப்பதால், நினைவு திரும்பினாலும் நோயாளியால் பேச இயலாது. பேச்சு போய்விட்டதென்று உறவினர் அழுவதுண்டு. குழாயை எடுத்தபின் பெரும்பாலும் குரல் சில நாள் கரகரத்துத் தெளியும். அதுவரை தாளும் பேனாவும் கொடுக்கலாம்; எழுதத் தெரியாதவர்க்குத் தண்ணீர், வலி, வீடு என்று படம் வரைந்த அட்டை போதும்.