அயல்மண்ணும் ஆடுகளமும்

மஸ்கட் நகரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரியும் என் அண்ணன், சென்ற விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, அடுத்த பயணத்தில் அண்ணியையும் ஒன்பது வயது மகனையும் உடன் அழைத்துச் செல்லப்போவதாகச் சொன்னார். உடனே வீடு இரண்டுபட்டது. "தளதளன்னு வளர்ற பயிரப் புடுங்கி வேத்து மண்ணுல நட்டாப் பட்டுப்போயிரும் சாமி, பையன எங்ககிட்டயே உட்டுட்டுப் போங்க" என்றார் அப்பத்தா. பள்ளிக்கூடம், வாடகை, மருத்துவம் என்று ஒவ்வொன்றுக்கும் அண்ணனிடம் விடை இருந்தது. "சாயங்காலமானா அவன் அங்க யாரோட விளையாடுவான்?" என்று அண்ணி கேட்ட கேள்விக்கு மட்டும் அவரிடம் விடையில்லை.

இது சிறிய கேள்வி அன்று. தொப்பம்பட்டிப் புழுதியில் சடுகுடு ஆடி, விளக்கு வைத்த பிறகு முழங்கால் சிராய்ப்போடு வீடு திரும்பும் பிள்ளை அவன். விட்டுக்கொடுத்தலையும், தோற்றபின் சிரித்தலையும், பெரியவனுக்கு அஞ்சாமையையும் அவன் கற்றது அக்களத்தில்தான். அதைப் பிரிந்து நான்கு சுவர்களுக்குள் அவன் எப்படி வளர்வான்? "நீதான் காலேசுல வரலாறு படிக்கிறயே, பாத்துச் சொல்லேன்" என்று அண்ணன் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதற்காக நான் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

ஐரிஷ் மக்கள் கொண்டுசென்ற களம்

நாடுவிட்டு நாடு செல்லுதலை உலகில் மிகுதியாக அறிந்த மக்களுள் அயர்லாந்து நாட்டவரும் ஒருவர். 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் அங்கே பெரும் பஞ்சம் மூண்டது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறினர். பஞ்சம் தீர்ந்த பிறகும் வெளியேற்றம் நிற்கவில்லை.

1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், திப்பரேரி மாவட்டத்துத் தர்லஸ் என்னும் ஊரில், மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியரின் முயற்சியால் கேலிக் விளையாட்டுக் கழகம் தோன்றியது. வளைந்த மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங், கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து ஆகிய நாட்டு விளையாட்டுகளைக் காப்பதே அதன் நோக்கம். அதன் அடித்தளம் ஊர். நம் பக்கத்துக் கிறித்தவ நண்பர்கள் 'பங்கு' என்று சொல்வார்களே, அத்தகைய பங்குக்கு ஒரு குழுவென அது வளர்ந்தது. ஆடுவோர்க்குச் சம்பளம் கிடையாது. தச்சரும் ஆசிரியரும் உழவரும் தம் ஊருக்காக ஆடினர்.

கப்பலேறிய ஐரிஷ்காரர் இந்த ஊரையும் உடன் எடுத்துச் சென்றனர். நியூயார்க்கில் தம் தாய்நாட்டு மாவட்டங்களின் பெயரால் குழுக்கள் அமைத்தனர். பெரும்பஞ்சத்தின் கொடுமை மிகுந்த 1847ஆம் ஆண்டுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1947 செப்டம்பரில், அனைத்து அயர்லாந்துக் கேலிக் கால்பந்து இறுதிப் போட்டியே கடல்கடந்து நியூயார்க்கில் நடைபெற்றது. கேவன் அணி கெர்ரி அணியை வென்றது. ஊரிலிருந்தோர் வானொலி வழியே அதைக் கேட்டனர். கனாட் மாகாணப் போட்டியில் 1999 முதல் ஆடிவந்த நியூயார்க் அணி, 2023ஆம் ஆண்டுதான் லீட்ரிம் அணியை வீழ்த்தி முதல் வெற்றி கண்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் வெற்றியே இல்லாதபோதும் அவர்கள் களத்தைக் கைவிடவில்லை. வெற்றிக்காக மட்டுமே ஆடுவோர் இத்தனை காலம் காத்திருப்பார்களா? அன்னியத் தெருவில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் ஊரைக் காட்டும் வழி அக்களம். ஆதலின் அவர்கள் ஆடினர் என்று கருதுகிறேன்.

மணிலாவில் ஒரு தாய்

"ஐரிஷ்காரர் கூட்டமாகச் சென்றனர், தனியே செல்லும் ஒரு குடும்பம் என்ன செய்யும்?" என்று கேட்கலாம். அதற்கு நம்மவர் வாழ்விலேயே சான்று உண்டு.

1969ஆம் ஆண்டு மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த், ஆறாம் வயதில் தம் தாயார் சுசீலா அம்மையாரிடம் சதுரங்கம் கற்றார். அவர் தந்தையார் ரயில்வே அதிகாரி. பிலிப்பைன்ஸ் நாட்டு ரயில்வேக்கு ஆலோசகராக அவர் செல்ல நேர்ந்ததால், 1978 வாக்கில் குடும்பம் மணிலாவில் குடியேறியது. அண்ணனும் அக்காவும் ஆனந்தைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர்கள். சிறுவனுக்கு வாய்த்த பெருந்துணை தாயாரே.

அவ்வாண்டில் அந்நாட்டின் பாகியோ நகரில் கார்ப்போவும் கோர்ச்சனோயும் உலகப் பட்டத்திற்கு மோதினர். நாடெங்கும் சதுரங்க ஆர்வம் பெருகியிருந்தது. தொலைக்காட்சியில் நாள்தோறும் பிற்பகலில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். அதன் முடிவில் ஒரு புதிர் தருவார்கள். அந்நேரம் ஆனந்த் பள்ளியில் இருப்பார். தாயார் அந்த ஆட்டங்களையும் புதிரையும் தாளில் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அஞ்சலில் அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பரிசுகள் அடுக்கடுக்காக வரவே, "வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே" என்னும் பொருள்பட நிகழ்ச்சியினர் சொல்லிவிட்டார்களாம்!

அச்சிறுவன் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், ஐந்து முறை உலகப் பட்டம் வென்றதும் எல்லோரும் அறிந்தவை. என் நெஞ்சில் நிற்பது அந்தத் தாளும் பென்சிலும்தான். மகனை ஒரு பயிற்சியாளரிடம் விட்டுவிட்டுத் தாயார் ஒதுங்கவில்லை. அமர்ந்து தாமும் யோசித்தார். புதிய நாட்டின் தொலைக்காட்சியை வெறுக்கவுமில்லை. அதையே வீட்டின் மாலைப்பொழுதாக மாற்றிக்கொண்டார். விளையாட்டு அங்கே மகனுக்கு வைத்த தேர்வாக இல்லாமல், தாயும் மகனும் கூடிச் செய்யும் வீட்டு வேலையாக இருந்தது.

கண்டியில் ஒரு பேரன்

மற்றொரு சான்று இலங்கை மலையகத்தில் உள்ளது. 1920ஆம் ஆண்டு தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குச் சென்ற சின்னசாமி என்பவரின் பேரனே முத்தையா முரளிதரன். பாட்டனார் பின்னர் தமிழகம் திரும்பிவிட்டார். தந்தையார் கண்டியிலேயே தங்கிப் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவராக ஆக்கப்பட்ட மண் அது. அங்கே கண்டி அந்தோணியார் கல்லூரியில் பயின்ற அச்சிறுவன், பதினான்காம் வயதில் பயிற்சியாளரின் சொற்கேட்டு வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 2010 ஜூலையில் காலி நகரில் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார்.

அவருடைய பந்துவீச்சை எறிதல் என்று சொல்லி 1995இல் மெல்போர்னிலும், 1999இல் அடிலெய்டிலும் நடுவர்கள் 'நோ-பால்' கொடுத்தனர். அடிலெய்டில் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தினார். நாட்டில் இனப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தமிழருக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் களத்தில் அவ்வாறு நின்றார். இதனால் போர் நின்றுவிடவில்லை. விளையாட்டு அரசியலைத் தீர்க்கும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆயினும் ஒரே அணியில் வியர்வை சிந்தியவர்களுக்கிடையே ஒரு கடமை பிறக்கிறது என்பதை மறுக்க இயலுமா?

வேலியா, வாயிலா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தாய்நாட்டு விளையாட்டைக் காக்கப் புறப்பட்ட கேலிக் கழகம், தன் உறுப்பினர்கள் கிரிக்கெட், ரக்பி போன்ற ஆட்டங்களை ஆடக்கூடாது என்று நெடுங்காலம் தடை விதித்திருந்தது. ஆட்சியாளரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இட்ட வேலி அது. நாளடைவில் தன் பிள்ளைகளையே அடைக்கும் வேலியாயிற்று. 1971இல் அத்தடையை நீக்கினர். 1920இல் ஆங்கிலேயப் படையினர் சுட்டுப் பதினால்வர் உயிரிழந்த டப்ளின் குரோக் பார்க் அரங்கிலேயே, 2007இல் இங்கிலாந்து ரக்பி அணியை வரவேற்று ஆடினர். அதனால் ஹர்லிங் அழிந்துவிடவில்லை.

புலம்பெயர்ந்த பெற்றோர் செய்யக்கூடிய பிழைகள் இரண்டு. ஊரை அடியோடு மறக்கச் செய்வது ஒன்று. ஊரைத் தவிர வேறெதையும் தொடவிடாதது மற்றொன்று. முன்னதில் பிள்ளைக்கு வேரில்லை, பின்னதில் வாயிலில்லை. "விளையாட்டு படிப்பைக் கெடுக்கும்" என்று அஞ்சுவோர் மலேசியாவின் எம். ஜெகதீசனை நினைவிற் கொள்வாராக. இலங்கைத் தமிழர் வழிவந்த அவர், 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். மருத்துவமும் படித்து முடித்தார். 'பறக்கும் டாக்டர்' என்றே அவரை அழைத்தனர்.

முடிவுரை

அண்ணனுக்கு நான் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: "பையனை அழைத்துச் செல்லுங்கள், பெற்றோரைப் பிரிந்து அவன் இங்கே வளரவேண்டியதில்லை. அங்கே பள்ளியில் எந்த விளையாட்டு உண்டோ அதில் சேர்த்துவிடுங்கள். நாள்தோறும் அரைமணி நேரமாவது நீங்களோ அண்ணியோ அவனோடு அமர்ந்து ஏதேனும் ஒன்றை ஆடுங்கள். வென்றானா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். விடுமுறைக்கு வரும்போது நம் களத்தில் அவனை இறக்கிவிடுங்கள். 1990இல் ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே இடம்பெற்றுவிட்ட சடுகுடுவை அங்குள்ள தோழர்க்கு அவன் கற்றுக்கொடுக்கட்டும்."

"எனக்கு நேரம் ஏது?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார். மணிலாவில் தாளும் பென்சிலுமாக அமர்ந்த தாயின் கதையைச் சொன்னேன். சிறிதுநேரம் பேச்சில்லை. பிறகு, "அரைமணி நேரம்தானே, பாத்துக்கலாம்" என்றார்.

கடிதத்தை அப்பத்தாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் சிறிது யோசித்து, "மொளகா நாத்தும் புடுங்கித்தான் நடறோம், வேரோட கொஞ்சம் மண்ணு ஒட்டியிருக்கோணும், அவ்வளவுதான்" என்றார். நான் இத்தனை பக்கங்களில் சொல்ல முயன்றதை அவர் ஒரே தொடரில் முடித்துவிட்டார்.

நண்பர்களே! நம்முள் பலர் நாளை பிழைப்பிற்காக ஊர் கடந்து, கடல் கடந்து செல்லக்கூடும். பெட்டியில் எதை வைத்தாலும் வைக்காவிட்டாலும், நம் பிள்ளைகளின் வேரில் அந்தப் பிடிமண் ஒட்டியிருக்கும்படி பார்த்துக்கொள்வோமாக!