ஐஇஎல்டிஎஸ் தேர்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெளிநாட்டுப் படிப்பு, வேலை, குடியேற்றம் ஆகியவற்றுக்கு ஆங்கிலத் திறனைக் காட்டும் சான்றாக ஐஇஎல்டிஎஸ் தேர்வு 1989 முதல் நடந்துவருகிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று அதில் நான்கு பகுதிகள் உண்டு. உழைப்புக் குறைவால் மட்டுமல்ல, தேர்வைப் பற்றிய தவறான நம்பிக்கைகளாலும் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

நம்பிக்கை: இத்தனை எடுத்தால் பாஸ், குறைந்தால் ஃபெயில்.

உண்மை: இதில் தேர்ச்சி, தோல்வி கிடையாது. 0 முதல் 9 வரை பேண்ட் மதிப்பு தரப்படும். எவ்வளவு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமோ குடியேற்றத் துறையோ முடிவு செய்யும். நான்கு பகுதிகளில் 6.5, 6.5, 5, 7 பெற்றவரின் சராசரி 6.25, அது 6.5 ஆகக் கணக்கிடப்படும். ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் 6 கேட்கும் கல்லூரியில் அந்த 5 ஒன்றே இடத்தைப் பறித்துவிடும். எனவே எந்தப் பகுதி பலவீனமோ அதற்கே முதல் கவனம் தேவை.

நம்பிக்கை: வெள்ளைக்காரர் போலப் பேசினால்தான் மதிப்பெண்.

உண்மை: பேசும் தொனி தமிழாக இருப்பதில் தவறில்லை, சொல்வது தெளிவாகப் புரிய வேண்டும். 'பேக்' என்றால் பையா, முதுகா என்று கேட்பவர் குழம்பக் கூடாது. தங்குதடையற்ற பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம அளவில் மதிப்பிடப்படும். தேர்வாளருக்குப் பிடித்த கருத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

நம்பிக்கை: பத்துக் கட்டுரைகளை மனப்பாடம் செய்தால் போதும்; நீளமாக எழுதினால் கூடுதல் மதிப்பெண்.

உண்மை: மனப்பாட வரிகளைத் தேர்வாளர்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள், அவை மதிப்பெண்ணைக் குறைக்கும். எழுதுதல் பகுதியின் இரண்டு பணிகளில் முதலாவதற்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. அதைத் தாண்டி வளர்ப்பதற்குத் தனி மதிப்பு இல்லை. இரண்டாம் பணிக்கு இரு மடங்கு மதிப்பு என்பதால், 60 நிமிடங்களில் 40 நிமிடங்களை அதற்கு ஒதுக்குவது நல்லது.

நம்பிக்கை: கேட்டல் பகுதியில் விடை காதில் விழுந்தால் போதும்.

உண்மை: ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும், விடையில் எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் போய்விடும். இரண்டு சொற்களுக்கு மேல் கூடாது என்ற கேள்விக்கு 'லெதர் கோட்' சரி. 'கோட் மேட் ஆஃப் லெதர்' தவறு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படாது என்பதால், 40 கேள்விகளில் எதையும் வெற்றிடமாக விடத் தேவையில்லை.

நம்பிக்கை: மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவித்தால் பேண்ட் உயரும்.

உண்மை: மாதிரித் தேர்வு கேள்வி அமைப்பையும் நேரக் கணக்கையும் பழக்கும். வாசித்தலில் 40 கேள்விகளுக்கு 60 நிமிடங்களே இருப்பதால் அந்தப் பழக்கம் அவசியம்தான். ஆனால் மொழித்திறன் வளர்வது அன்றாட வாசிப்பாலும், ஆங்கிலம் கேட்பதாலும், எழுதியதை விவரம் தெரிந்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்வதாலும்தான். அதற்கு மாதங்கள் பிடிக்கும். முடிவு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படுவதால், விண்ணப்பிக்கும் காலத்தைக் கணக்கிட்டுத் தேர்வு நாளைக் குறிப்பதும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பயிற்சியைத் தொடங்குவதும் சரியான வழி.