திரும்பக் கூப்பிட்டால் விழும் நிரல்

பைத்தானில் தப்பு செய்தால் எந்த வரி என்று சொல்லித் திட்டும். சி மொழி அப்படி இல்லை. "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று இரண்டே வார்த்தை, நிரல் காலி! ட்ரை, எக்ஸெப்ட் போட்டாலும் பிடிக்காது. சேமிக்காத வேலை அத்தனையும் போச்சு. பைத்தானிலிருந்து சி லைப்ரரியைப் பயன்படுத்தும்போது இந்தத் தொல்லை வரும் ஒரு இடத்தைப் பார்ப்போம்.

2006-ல் வந்த பைத்தான் 2.5 முதல் சிடைப்ஸ் கூடவே வருகிறது. இதை வைத்து, படம் வரையும் க்ளட் லைப்ரரியிடம் "ஜன்னலை வரைய வேண்டிய போதெல்லாம் என்னுடைய ‘வரை’ ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று பதிவு செய்யலாம். சி-க்கு பைத்தான் ஃபங்ஷன் புரியாது. அதனால் சிஃபங்க்டைப் மூலம் அதற்கு ஒரு உறை மாட்டிக் கொடுக்கிறோம். பலர் இந்த உறையை அடைப்புக்குறிக்குள்ளேயே உருவாக்கி அப்படியே கொடுத்துவிடுவார்கள். அங்கேதான் வினை.

ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறோம் என்று பைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை 0 ஆனால் உடனே அழித்துவிடும். க்ளட் உறையின் முகவரியைக் குறிச்சு வச்சிருக்கு, ஆனால் அது பைத்தான் கணக்கில் வராது. வரி முடிந்ததும் உறை போயிடும். "‘வரை’ ஃபங்ஷன் அப்படியேதானே இருக்கு?" என்பீர்கள். இருக்கு, போனது உறை. இடித்த வீட்டின் கதவு எண்ணை வைத்துக்கொண்டு தெருவில் தேடுகிற கதை.

இதில் கொடுமை, சில சமயம் நன்றாகவே ஓடும். அந்த நினைவக இடத்தை வேறொன்று எடுத்துக்கொள்ளும் வரை தெரியாது. நடுவில் ஒரு பிரிண்ட் சேர்த்தால் ஓடும், எடுத்தால் விழும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள்!

கண்டுபிடிக்க 2012-ல் வந்த பைத்தான் 3.3 முதல் ஃபால்ட்ஹேண்ட்லர் உண்டு. தொடக்கத்திலேயே இம்போர்ட் செய்து எனேபிள் பண்ணினால், விழும் நேரத்தில் பைத்தான் நின்ற வரியைக் காட்டும். ஆனால் அது காட்டுவது மெயின்லூப் வரியை. தப்பு அதற்கு மேலே, பதிவு செய்த வரியில். ஆகவே "சி எதை வாங்கி வைத்துக்கொண்டது?" என்று தேடுங்கள். கியூசார்ட்டுக்கு ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுத்தால் இந்தப் பயம் இல்லை. வரிசைப்படுத்தி முடிக்கும்வரை உறை உயிரோடு இருக்கும், அதற்குப் பிறகு யாரும் அதைக் கூப்பிடப் போவதில்லை.

தீர்வு ஒரே வரி. உறையை முதலில் ஒரு மாறியில் போட்டு, அந்த மாறியைக் கொடுங்கள். மாறி நிரலின் மேல்மட்டத்தில் இருக்கட்டும்; ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்தால், அது முடியும்போது உறையும் போயிடும்.

அப்படியும் விழுந்தால், உறைக்குச் சொன்ன வகைகளை லைப்ரரியின் ஹெடர் கோப்போடு ஒப்பிடுங்கள். 64 பிட் கம்ப்யூட்டரில் சி அனுப்புவது பாயிண்டர், நாம் சொன்னது சாதா முழு எண் என்றால் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுத்தான் வரும்.