மாலுமியின்றிச் செல்லும் முதற் கடற்பயணம்

மாலுமியை அமர்த்தாது பாய்மரப் படகொன்றை வாடகைக்கு எடுத்து, விடுமுறை நாட்களில் நாமே செலுத்திச் செல்லக் கருதுவோமாயின், மேற்கிந்தியத் தீவுகளுள் பிரிட்டிஷ் கன்னித் தீவுகள் முதற் பயணத்திற்கு ஏற்றன. பிரான்சிஸ் டிரேக் கடற்கால்வாயின் இருமருங்கும் தீவுகள் நிற்றலால் சேருமிடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். காற்றும் கீழ்த்திசையினின்று ஒழுங்காய் வீசும். ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். 2017 செப்டம்பரில் இர்மா என்னும் புயல் அங்கு நின்ற படகுகள் பலவற்றை நொறுக்கியது.

படகுக்காரர் நம் அனுபவத்தை எழுத்திற் கேட்பர். அதனை மிகைப்படுத்தாது எழுதுவோமாக.

ஒவ்வொரு நாளின் வழியையும் வகுக்குங்கால் தூரத்தினும் சூரியனையே கணக்கிடல் வேண்டும். வெயில் உச்சியில் நிற்கையில் ஆழ்நீர் கருநீலமாகவும், ஆழமற்ற மணற்றரை வெளிர்பச்சையாகவும், பவளப்பாறை பழுப்பாகவும் தோன்றும். சாய்ந்த வெயில் எதிரே அடிப்பின் யாவும் ஒரே வெள்ளித் தகடாகிவிடும். பாறை எது, நீர் எது என அறியோம். ஆதலின் பிற்பகல் 3 மணிக்குள் நங்கூரமிடும்படி காலையிலேயே புறப்படல் வேண்டும்.

அனெகாடாத் தீவோ ஏறக்குறைய 28 அடியே உயர்ந்தது. அணுகும் வரை புலப்படாது. அதன் தென்கிழக்கே நீளும் குதிரைலாடப் பாறைத்தொடரில் மோதிச் சிதைந்த கப்பல்கள் பல. ஆசை மிகுதியாயினும், முதன்முறை அதனை வரைபடத்தில் மட்டும் கண்டு அமைவோம்.