கைப்பேசி என்னும் சாட்சி

நுழையும்முன்

தமக்கு நேர்ந்ததைத் தாமே எடுத்துரைக்க இயலாத நிலையை உண்டாக்கும் நோய் வலிப்பு. அந்நோயாளருக்காகக் கைப்பேசி சாட்சி கூறும் விதத்தை இப்பாடம் விளக்குகிறது.

சேலம் நகரை ஒட்டி, சேர்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. அத்தகைய ஓர் ஊரில், மாணவர் ஒருவர் திடீரென நினைவிழந்து விழுகிறார். கைகால்கள் வெட்டி இழுக்கின்றன என்று கொள்வோம். ஓரிரு நிமிடங்களில் வலிப்பு நின்றுவிடுகிறது. மறுநாள் மருத்துவர்முன் அமரும்போது அவர் நலமாகவே காணப்படுகிறார். நடந்தது என்னவென்று கேட்டால் அவரிடம் விடையில்லை. கண்டவர்களோ பதற்றத்தில் ஆளுக்கொன்று கூறுவர். மருத்துவர் காணாத அச்சில நிமிடங்களே நோயறிதலின் திறவுகோல். வெறும் மயக்கமும் வலிப்புபோலத் தோன்றக்கூடும். அருகிலிருந்தவர் கைப்பேசியில் எடுத்த சிறு காணொலி, இவ்விரண்டையும் வேறுபடுத்த மருத்துவருக்குப் பெரிதும் உதவுகிறது.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் உள்ளனர். உரிய மருத்துவம் கிடைத்தால் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பின்றி வாழ இயலும். ஆயினும், நரம்பியல் மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே மிகுதியாக உள்ளனர்.

இவ்விடைவெளியைக் குறைக்க உருவானதே வலிப்பைக் கண்டறிய உதவும் கைப்பேசிச் செயலி. நரம்பியல் மருத்துவர் விக்டர் பேட்டர்சன், புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர் மம்தா பூஷண் சிங் முதலியோர் இந்தியாவிலும் நேபாளத்திலும் அதனைச் சோதித்து, முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். நேர்ந்ததைப் பற்றிய சில வினாக்களுக்கு அளிக்கப்படும் விடைகளைக்கொண்டு, அது வலிப்பாக இருப்பதற்கான வாய்ப்பைச் செயலி கணிக்கிறது. மருத்துவரல்லாத நலப்பணியாளரும் இதனைப் பயன்படுத்த இயலுமா என்பதும் பின்னர் ஆராயப்பட்டது.

நோயைக் கண்டறிவதோடு பணி முடிவதில்லை. மருந்தை இடையில் நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரலாம். மருந்துவேளையை நினைவூட்டும் மணியொலியும், வலிப்பு வந்த நாளைக் குறிக்கும் நாட்குறிப்பும் எளிய கைப்பேசியிலேயே அமையும். 2019இல் தொடங்கப்பட்ட இ-சஞ்சீவனி போன்ற தொலைமருத்துவச் சேவைகள், ஊரிலிருந்தபடியே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வழிசெய்கின்றன.

எனினும், முதலில் நீளவேண்டியது உதவும் கை. அதன் பின்னரே கைப்பேசி. உதவிக்கு மற்றொருவர் இருக்கும்போது மட்டுமே படமெடுக்க வேண்டும். அக்காணொலி மருத்துவருக்கு மட்டும் உரியது. அதனைப் பிறருக்குப் பகிர்வது, துன்புற்றவரின் மானத்தைப் பறிப்பதாகும்.

வலிப்பைச் சாபமென்று எண்ணி மறைக்கும் வழக்கம் பலரை மருத்துவத்திலிருந்து விலக்கியது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்திற்குத் தடையாகக் கூறப்பட்டிருந்த வலிப்பு, 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. சட்டம் மாறியதுபோல் உள்ளங்களும் மாறவேண்டும். வகுப்பில் நம் அருகே அமர்ந்திருப்பவர் தம் நோயை அஞ்சாமல் சொல்ல முடிந்தால், அதுவே மருத்துவத்தின் முதற்படி.

தெரிந்து தெளிவோம்

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்பைத் திணிக்காதீர்கள்; வாயில் எதையும் வைக்காதீர்கள்; கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடங்களைக் கடந்தும் வலிப்பு நீடித்தால் உடனே 108ஐ அழையுங்கள்.