இரண்டு லைன், ஒரு முடிச்சு

தானியங்கிக் குரல் மெனுவான ஐவிஆரில் 9-ஐ அழுத்திவிட்டு, அலுவலரின் குரலுக்காக ஒருவர் காத்திருக்கிறார். ஐவிஆர் அமைப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது: கைமாறிய பிறகு அந்த அழைப்பைப் பிடித்திருக்கப் போவது யார்?

ஐவிஆர் தானே பிடித்திருப்பதுதான் பிரிட்ஜ். ஆஸ்டிரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளில் 'டயல்' கட்டளை அலுவலரை இன்னொரு சானலில் அழைத்து, இரண்டையும் உள்ளேயே கோத்துவிடும். பேச்சைப் பதிவு செய்யலாம், அலுவலர் போனை வைத்ததும், அழைத்தவரை மறுபடி ஐவிஆருக்கே கொண்டுவந்து "சேவை எப்படி?" என்றும் கேட்கலாம். இதற்கான செலவு லைன் கணக்கில் தெரியும். ஓர் இ-1 பிஆர்ஐ இணைப்பில் பேச 30 சானல்கள். அலுவலர்கள் வெளியே கைபேசியில் இருந்தால் ஓர் அழைப்புக்கு இரண்டு சானல் போகும். 15 பேரை இணைத்ததும் எல்லாம் நிரம்பி, 16-வது ஆளுக்கு பிஸி டோன்தான். அலுவலர்கள் அதே கட்டடத்தின் எக்ஸ்டென்ஷனில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

ஆடியோவை மட்டும் இரு முனைகளுக்கும் நேரடியாக விட்டுவிடவும் ஆஸ்டிரிஸ்க்கில் வழி உண்டு. சர்வரின் சுமை குறையும், லைன் செலவு குறையாது. ரெக்கார்டிங் வேண்டுமென்றால் இதை மறந்துவிடலாம்.

பிளைண்ட் டிரான்ஸ்ஃபர் பிரிட்ஜுக்கு நேர் எதிர். இணையவழி லைனான சிப் ட்ரங்க்கில் 'ரெஃபர்' என்றொரு கோரிக்கை. 2003-ல் வந்த ஆர்எஃப்சி 3515 அதை வரையறுத்தது. "இனி அந்த எண்ணோடு நீங்களே இணைத்துக்கொள்ளுங்கள்" என்று எதிர்முனையிடம் சொல்லிவிட்டு ஐவிஆர் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு சானலும் மிச்சம். ஆனால் அலுவலர் எடுக்காவிட்டால், அழைத்தவரைத் திரும்பக் கூட்டிவர ஆளில்லை. ரெஃபரை ஏற்காத ட்ரங்க்குகளும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஐவிஆரை வாய்ஸ்எக்ஸ்எம்எல் மொழியில் எழுதுபவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. 2007-ல் வெளியான 2.1 பதிப்பு, 'கன்சல்டேஷன்' என்ற டிரான்ஸ்ஃபர் வகையைச் சேர்த்தது. அலுவலர் எடுத்தால் ஐவிஆர் விலகும். பிஸி என்றாலோ எடுக்காவிட்டாலோ அழைத்தவர் ஐவிஆரிடமே இருப்பார்.

பதிவோ கருத்துக்கணிப்போ தேவையென்றால் பிரிட்ஜ், வேறு பேச்சில்லை. அவை வேண்டாம், ஆட்கள் வெளியே இருக்கிறார்கள் என்றால் கன்சல்டேஷன். மறுமுனையில் எப்போதும் எடுக்கக்கூடிய ஒரு கால் சென்டர் க்யூ இருந்தால் மட்டும் பிளைண்ட். எதைப் போட்டாலும், அலுவலரின் போனை அணைத்துவிட்டு ஒருமுறை அழைத்துப் பார்க்க வேண்டும். காதில் மறுபடி மெனு கேட்கிறதா, வெறும் மௌனமா?