ஒரு கிண்ணம், பல கோள்கள்

வானத்தில் ஒரு வட்டச் சாலை உண்டு. நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் அது உலகைச் சுற்றிச் செல்கிறது. நிலம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்திலேயே அச்சாலையில் செல்லும் செயற்கைக்கோளும் ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதனால் அது நமக்கு ஓரிடத்தில் நிற்பது போலாகும். இதைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே ஆர்தர் கிளார்க் எழுதிக் காட்டினார்.

ஆந்திர நாட்டுச் சிற்றூர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த ‘சைட்’ என்னும் கல்வித் திட்டத்தில், ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்கள் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 கோளிலிருந்து நேரே படம் பெற்றன. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் ஆன பத்தடிக் கிண்ணங்களே அன்று உதவின. அவை ஒரே கோளை நோக்கி அசையாது நின்றன.

இன்று கோள்கள் பல. தூர்தர்ஷனின் இலவச சேவை கீழைத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 வழியே வருகிறது. கட்டணச் சேவைகளுள் ஒன்று 83 பாகையிலும் இன்னொன்று 108.2 பாகையிலும் உள்ளன. ஏர்பேட்டில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் மாடியில் ஒரு கம்பத்துக்கே இடம் தந்தார். என்னுடன் இருக்கும் தாயாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. பகல் முழுதும் தனியே இருப்பவருக்குத் தொலைக்காட்சியே பேச்சுத்துணை. எனக்கோ பிற கோள்களையும் ஆராயும் ஆவல். ஆகவே கிண்ணத்தைச் சுழற்றும் மோட்டாரை நாடினேன். நான் கற்றதை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு

ஏர்பேடு வட அட்சரேகை ஏறத்தாழ 13.7 பாகையிலும் கீழைத் தீர்க்கரேகை 79.6 பாகையிலும் உள்ளது. மோட்டாரின் அச்சு நிலத்தின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது கிடைமட்டத்திலிருந்து 13.7 பாகை சாய்ந்திருக்க வேண்டும். கோள்கள் முடிவற்ற தொலைவில் இல்லாமையால், கிண்ணத்தை அவ்வச்சுக்குச் செங்குத்தான நிலையிலிருந்து மேலும் 2.4 பாகை தெற்கே தாழ்த்த வேண்டும். 90இல் இவ்விரண்டையும் கழித்தால் 73.9 வரும். நேர்தெற்கில் கிண்ணம் நோக்க வேண்டிய உயரம் இதுவே. கிண்ணம் ஏறக்குறைய உச்சிவானையே நோக்கும்!

குளிர்நாட்டு வீடுகளுக்கெனச் செய்த மோட்டார்கள் சிலவற்றில் சாய்வு அளவுகோல் நம் பாகைவரை இறங்காது. இதைப் பார்த்த பின்னரே காசு கொடுக்க வேண்டும்.

83 பாகைக் கோள் நமக்கு 3.4 பாகை கிழக்கே உள்ளது. ஆனால் மோட்டார் 4 பாகை திரும்ப வேண்டும். 93.5க்கு 16 பாகைக்குச் சற்று மேலும், 108.2க்கு 33 பாகையும் ஆகும். தீர்க்கரேகை நிலத்தின் நடுவிலிருந்து அளப்பது. நாமோ நிலத்தின் மேற்பரப்பில், கோளுக்கு அருகில் நிற்கிறோம். அதனாலேயே இவ்வேறுபாடு. ‘யூசல்ஸ்’ வசதியுள்ள செட்டாப் பெட்டியில் நம் ஊரின் இரு அளவுகளையும் கொடுத்தால் இக்கணக்கை அதுவே போட்டுவிடும்.

தெற்கைக் காணல்

காந்த ஊசி காட்டும் திசை மெய்யான வடக்கன்று. மாடியின் இரும்புக் கம்பிகளும் அதை ஏமாற்றும். நிழலே நல்ல வழிகாட்டி. கோலின் நிழல்கொண்டு சிற்பநூல் வல்லார் திசை குறித்ததை நெடுநல்வாடையில் படித்திருக்கிறோம். ஒரு கோல் நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைக. முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்தே வடக்கு தெற்கு.

பொருத்துதல்

கம்பம் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதே உயிர்நாடி. 90 செ.மீ. கிண்ணத்தின் பார்வை அகலம் ஏறத்தாழ 2 பாகைதான். ஒரு பாகை பிசகினால் அலையின் ஆற்றல் பாதியாகக் குறையும். கம்பத்தை நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.

மோட்டாரைச் சுழியில் நிறுத்திக் கிண்ணத்தை அதன் நடுக்கோட்டில் பூட்டுக. முதலில், தெற்குக்கு மிக அண்மையிலுள்ள 83 பாகைக் கோளுக்குச் செல்லப் பெட்டிக்குக் கட்டளை இடுக. மோட்டார் திரும்பி நின்றபின், கம்பத்தைப் பற்றிய பிடியைத் தளர்த்தி, மோட்டாரையும் கிண்ணத்தையும் ஒருசேர மெல்லத் திருப்புக. அலை மிகும் இடத்தில் இறுக்குக. பின்னர் 108.2க்குச் சென்று சோதிக்க வேண்டும். நடுவில் நன்றாகவும் ஓரத்தில் குறைவாகவும் அலை கிடைத்தால், கம்பத்தின் நேர்மையையும் தென்திசையையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

மோட்டார் கட்டணப் பூட்டைத் திறக்காது. இரு கோள்களே போதுமென்றால், இடமிருப்பின் இரண்டு சிறு கிண்ணங்களே மலிவு. மணிக்கு 100 கி.மீ. காற்றடித்தால் 90 செ.மீ. கிண்ணத்தின்மேல் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட சுமை தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் புயல் எச்சரிக்கை வந்தவுடன் கிண்ணத்தைக் கழற்றி வைப்பதே அறிவுடைமை. கம்பத்துக்கு எர்த் கம்பி இடுக. மின்கம்பி அருகே செல்லும் மாடியில் இவ்வேலையைத் தொடவே வேண்டா. ஒரு படத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா?

கடைக்காரரை அழைத்தால் அரைநாளில் வேலை முடியும். நாமே செய்தால் சில நாளாகும். ஆனால் அந்நாள்களில் நிலத்தின் உருண்டையும் அதன் சாய்வும் கோளின் தொலைவும் ஏட்டை விட்டிறங்கி நம் கைக்கு வருகின்றன. கணக்கு உண்மை என்பதைக் கிண்ணம் திரும்பும்போதெல்லாம் காண்கிறோம். கற்கும் மாணவர்க்கு இதனினும் சிறந்த ஊதியம் ஏது?